ரூஃபினா விழுந்த சமையலறை

வெனியமின் பெர்ம் நகரத்து டிராம் பணிமனையில் தலை நரைக்கும்வரை சக்கரம் மாட்டியவன். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "இருக்கேன்" என்பான். அதற்கு மேல் ஒரு சொல் பெயராது. மனைவி போன பிறகு மகள் ஆஸ்யா மட்டும் ஞாயிறுதோறும் வந்து போனாள். சோவியத் கலைந்த பின் பிறந்தவள், சோவியத் காலத்தைப் பற்றி நாவல் எழுதியிருந்தாள். அதுவும் அவன் வளர்ந்த வீட்டைப் பற்றி. ஏழு குடும்பம் ஒரே சமையலறையில் புழங்கிய வீடு.

அச்சுக்குப் போகுமுன் அவனிடம் படிக்கக் கொடுத்தாள். அதில் அவன் அம்மா ரூஃபினா, பெயர்கூட மாறாமல், ஒற்றை பல்பின் கீழே அப்பம் சுடுகிறாள். சுற்றி நின்று எல்லாரும் பாடுகிறார்கள்.

"எப்படிப்பா இருக்கு?"

"எழுத்தாளரம்மா, ஒரு பல்பு இல்ல. குடும்பத்துக்கு ஒண்ணு. சுவிட்சு அவங்கவங்க ரூமுக்குள்ள. ஒருத்தன் கரண்ட்ட இன்னொருத்தன் தின்னுடக் கூடாதுல்ல."

"ஐயோ, எவ்ளோ அழகா இருக்கு!"

"அழகா? எங்க பல்பு ஃப்யூஸ் போன அன்னிக்குத்தான் உன் பாட்டி இருட்டுல விழுந்தா. இடுப்பு போச்சு. பக்கத்து ரூம் க்ளாவ்தியா அவ பல்பப் போட்டுட்டு வந்தா. பாட்டியத் தாண்டிப் போயி கெட்டில எடுத்தா. திரும்பிப் போயி பல்ப அணைச்சிட்டா. நான் ஸ்கூல் விட்டு வர்ற வரைக்கும் அம்மா தரையிலதான் கெடந்தா. அப்புறம் எந்திரிக்கவே இல்ல."

சக்கரத்தின் அளவைச் சொல்வதுபோலத்தான் சொன்னான்.

ஆஸ்யா நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"எங்க செட்டுல பாதிப்பேரு அந்தக் காலத்த ஜெயில்னு எழுதறான், மீதிப்பேரு திருவிழான்னு எழுதறான். உங்க ஆளுங்க யாரும் வாயத் திறந்தாத்தானே? உன்னையே எத்தன தடவ கேட்டிருப்பேன்? 'இருந்தோம்'னுவ."

வெனியமின் தாள்களை அவளிடம் திருப்பிக் கொடுத்தான்.

"பாட்டிய உள்ளபடி எழுதிடு. அது போதும்."

"எழுதறேன்ப்பா."

அடுத்த ஞாயிறு திருத்திய தாள்களோடு வந்தவள், அவன் வைத்த சூப்பைக் குடித்துக்கொண்டே அவற்றை நீட்டினாள். ஏழு பல்பும் இருந்தன. ரூஃபினா விழுகிறாள். க்ளாவ்தியா அலறுகிறாள். அறை அறையாகச் சுவிட்சுகளைப் படபடவென்று போட, ஏழு பல்பும் ஒன்றாக எரிகின்றன. எல்லாருமாகச் சேர்ந்து அவளைத் தூக்குகிறார்கள்.

"அவள அப்படியே தரையில விட மனசு வரலப்பா. எழுதறப்ப நானே அழுதுட்டேன்."

அந்தக் கட்டடத்தை இடிக்கிறவரை வெனியமின் அங்கேதான் இருந்தான். ஏழும் ஒன்றாக எரிந்து ஒருநாளும் பார்த்ததில்லை. தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கோபம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

"மாத்தணும்னா இப்பவே சொல்லு. நாளைக்கு அச்சுக்குப் போயிடும்."

"போகட்டும்."

"கோவமா?"

"இல்ல."

பொய்யில்லை. தாள்களைத் தட்டி அடுக்கி அவள் பக்கம் தள்ளிவிட்டு, இன்னும் கொஞ்சம் சூப் ஊற்றட்டுமா என்று கேட்டான்.