கடைசிக் கை

நான் எழுதிய புரோகிராம் ஓர் அக்காவைத் தையல் மிஷினிலிருந்து எழுப்பி, பசை தடவும் மேசைக்கு அனுப்பிவிட்டது. அதை இன்றுவரை என்னால் திருப்ப முடியவில்லை.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் கம்ப்யூட்டர் ஆள். பிரின்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவனிடம், ஒவ்வொரு பீஸும் எந்த மேசையைத் தாண்டியிருக்கிறது என்று சொல்லும் புரோகிராம் ஒன்று வேண்டும் என்றார்கள். தலைகால் புரியாத சந்தோஷம் எனக்கு. 'கோ' (Go) என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுத உட்கார்ந்தேன். கம்பெனியில் எத்தனை டிபார்ட்மென்டோ அத்தனை பேக்கேஜ் போட்டேன்: கட்டிங்குக்கு ஒன்று, தையலுக்கு ஒன்று, செக்கிங்குக்கு ஒன்று. பேக்கேஜ் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு வேலைக்கான வரிகளை மட்டும் தனியாகப் போட்டு வைக்கும் ஃபோல்டர்.

அந்த மொழிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. செக்கிங் பேக்கேஜ் தையலை இம்போர்ட் செய்தால், அதாவது அதிலுள்ளதைக் கேட்டு வாங்கிக்கொண்டால், தையல் திரும்பச் செக்கிங்கை இம்போர்ட் செய்யக்கூடாது. செய்தால் கம்பைல் ஆகாது, புரோகிராமே ஓடாது. ஆனால் ஷூ கம்பெனியில் பீஸ் ஒரே திசையிலா போகிறது? செக்கிங்கில் பழுது மார்க் விழுந்தால் அது தையலுக்கே திரும்பி வரும். வந்தது புதிய பீஸா, திரும்பிய பீஸா என்று தையல், செக்கிங்கைக் கேட்டாக வேண்டும். கேட்க வைத்தேன், கம்பைல் ஆகவில்லை. இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். மூன்றாம் நாள் மேனேஜர் வந்து தலைக்கு மேல் நின்றார். கேட்கிற அந்த வரிகளையே தூக்கிவிட்டேன். உடனே ஓடியது. நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

தூக்கியதால் என்ன ஆனது என்றால், ஒரு பீஸைக் கடைசியாகத் தைத்து ஸ்கேன் செய்பவரின் டோக்கன் நம்பர் மட்டுமே அதில் நிற்கும். முதலில் தைத்தவர் நம்பர் அழிந்துவிடும். பழுது மார்க் மட்டும் அழியாது.

எங்கள் லைனில் திரும்பி வருவதெல்லாம் அந்த அக்காவிடம்தான் போகும். தோலில் ஊசி இறங்கிய ஓட்டை மூடாது. பிரித்துத் தைப்பவர் அதே ஓட்டைகளில் மறுபடி ஊசியை இறக்க வேண்டும். தவறினால் பீஸ் குப்பைக்குப் போகும். அந்த வேலை அவர் ஒருவருக்குத்தான் சுத்தமாக வரும். பள்ளிகொண்டாவிலிருந்து என்னோடு ஒரே கம்பெனி பஸ்ஸில் வருபவர். எனக்கு முன்னால் ஏறி, பையை வைத்து எனக்கொரு சீட் பிடித்திருப்பார்.

மாதம் முடிந்தால் பழுது ரிப்போர்ட் எடுத்து மேனேஜருக்கு அனுப்புவேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. மூன்று மாதம் அப்படி அனுப்பினேன்.

நான்காம் மாதம் அக்கா என் மேசைக்கு வந்தார். கையில் ஒரு அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம்.

"தம்பி, ஜாஸ்தி கெடுக்கிறது நான்தான்னு சிஸ்டம்ல வருதாமே. நாளையிலருந்து பசை மேசைக்குப் போ, ஹெல்ப்பரா நில்லுன்றாங்க. இன்னா தம்பி இது?"

அப்பரைத் திருப்பி என் முன்னால் வைத்தார். "இது வரைக்கும் வேற ஆளு தச்சது. இங்கருந்து நான் பிரிச்சுத் தச்சது. பாத்தா தெரியல?"

தெரிந்தது. ஊசியே பிடிக்காத எனக்கே தெரிந்தது.

மேனேஜரிடம் ஓடி, தப்பு என்னுடையது என்றேன். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"சரி, அவங்க கெடுக்கல. அப்போ யார் கெடுத்தாங்க? லிஸ்ட் குடு. அந்த ரிப்போர்ட்ட ஆடிட்ல சரக்கு வாங்குற பையர் பாத்துட்டுப் போய்ட்டான். லிஸ்ட் இல்லாம மேல போய் நான் இன்னா சொல்றது? பேஜாராய்டும்."

தினமும் மாலையில் பேக்கப் எடுப்பேன். அதைத் திறந்தேன். அதிலும் அக்காவின் நம்பரே இருந்தது. காலையில் தைத்த பீஸ் மதியம் பழுதாகித் திரும்பினால், பேக்கப் எடுப்பதற்குள் அவர் முடித்துவிடுவார். அவர் கை அவ்வளவு வேகம். கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால் தப்பித்திருப்பார். எனக்கு அழுகை வந்தது, அழவில்லை.

பிறகுதான் ஒழுங்காக யோசித்தேன். டிபார்ட்மென்ட் வாரியாகப் பிரித்ததே தப்பு. நடுவில் பீஸுக்கென்று ஒரு பேக்கேஜ் போட்டேன். அது யாரையும் இம்போர்ட் செய்யாது. எந்தக் கை தொட்டாலும் பழையதை அழிக்காமல் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துக்கொள்ளும். தையலும் செக்கிங்கும் அதைக் கேட்டுக்கொள்ளும், ஒன்றையொன்று கேட்க வேண்டியதில்லை. மொத்தமே அரை நாள் வேலை. சொல்லவே கூசுகிறது.

அக்காவை மறுபடி மிஷினில் உட்காரவைக்கச் சொல்லி மூன்று தடவை கேட்டுவிட்டேன். "அடுத்த ஆடிட் முடியட்டும்" என்றார் மேனேஜர். முடிந்தது. கேட்டால், அதற்கு அடுத்த ஆடிட் வருகிறது என்கிறார். தையல் மேசை ஓரத்தில் பிரித்துத் தைக்க ஆளில்லாமல் பீஸ்கள் குவிந்து கிடக்கின்றன.

அக்கா இன்னமும் எனக்கு சீட் பிடித்து வைக்கிறார். விரல்களில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டே வருவார். போன வாரம் பஸ்ஸில் கேட்டார்:

"சிஸ்டம் சரியாய்டுச்சா தம்பி?"

"சரியாய்டுச்சுக்கா."

"இப்போ என் நம்பர்ல எவ்ளோ பழுது வருது?"

"ஒண்ணுகூட வர்லக்கா" என்றேன். பெருமையாகவே சொல்லிவிட்டேன்.

"எப்படி வரும்?" என்றார். "நான்தான் தைக்கிறதே இல்லயே."