பின்னாடி கேக்குதா?

எங்கள் பள்ளி ஹாலில் மைக்கைப் பிடிக்கிற எவரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "பின்னாடி கேக்குதா?" உடனே ஹால் முழுக்க ஒரே குரலில் பதில் வரும்: "கேக்குது." அந்த ஒற்றைச் சொல்லின் மேல் எனக்கு அப்படி ஒரு எரிச்சல்.

பள்ளி புதுச்சேரி நெல்லித்தோப்பில் இருக்கிறது. ஹாலுக்கு மேலே தகர ஷீட், கீழே சிமெண்டுத் தரை, சுற்றிலும் வெறும் சுவர். ஒரு தடவை கை தட்டினால் அந்தச் சத்தம் சுவருக்குச் சுவர் போய் வந்து, அடங்க மனசில்லாமல் அடங்கும். யாராவது பேசினால் முந்தின வார்த்தையின் வால் அடுத்த வார்த்தையின் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். போன வருஷம் பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் ஓர் அறிவிப்பு. சென்னையில் இருக்கும் ஓர் அறக்கட்டளை பிள்ளைகளின் கல்லூரிச் செலவை ஏற்கும், பெற்றோர் இன்ன தேதியில் பள்ளிக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும், அந்த ஒரு நாள்தான். வைத்திக்குப்பத்தில் மீன் விற்கிற ஓர் அம்மா கடைசி வரிசையில் இருந்தார். அவரும் "கேக்குது" என்றார். கையெழுத்து நாளில் வரவில்லை. அவர் மகள் நன்றாகப் படித்த பெண், இப்போது நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டிருக்கிறாள். இந்த வருஷம் அவள் தங்கை என் வகுப்பில்.

அதனால்தான் ஹாலுக்குப் புது சவுண்ட் செட் வாங்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அந்த வேலையை நானே வலியப் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டேன். இயற்பியல் டீச்சர்தானே, பார்க்கட்டும் என்று தாளாளர் தலையாட்டினார். அவர் சென்னைக்காரர், இந்த வருஷம்தான் பொறுப்புக்கு வந்திருந்தார். மறுநாளே யாரோ சொன்னார்கள் என்று அரியாங்குப்பத்திலிருந்து ஒரு சவுண்ட் சர்வீஸ்காரரையும் வரவழைத்துவிட்டார். கோயில் திருவிழாக்களுக்கு ஸ்பீக்கர் பெட்டி வைக்கிறவர்.

"ரெண்டே ரெண்டு பெரிய பெட்டி டீச்சர். மேடைக்கு ரெண்டு பக்கமும் நிறுத்திட்டா நாலு தெருவுக்குக் கேக்கும்."

"நாலு தெருவுக்கு எதுக்குங்க? நாலாவது வரிசைக்குப் புரிஞ்சா போதும்."

"மிஸ்ஸுக்குக் கோவம் வருது" என்று தாளாளரைப் பார்த்துச் சிரித்தார். வராமல் என்ன செய்யும்?

என் திட்டம் எளிமையானது. பெரிய பெட்டி போடுகிற சத்தமெல்லாம் தகரத்தில் மோதித் திரும்பி வந்து பேச்சைக் குழப்பும். அதற்குப் பதில், ஒல்லியான சின்னப் பெட்டிகளைப் பக்கச் சுவர்களில் வரிசையாக மாட்டி, ஜனங்களைப் பார்த்து லேசாகக் குனிய வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் தன் பக்கத்தில் இருப்பவர்களிடம் மட்டும் மெதுவாகப் பேசட்டும். பின்சுவரில் மேடையின் பழைய திரைகளைத் தொங்கவிட்டால் எதிரொலியும் குறையும். செலவும் அவர் சொன்னதில் பாதிதான்.

மாதிரிக்கு நான் கொண்டுபோன சின்னப் பெட்டியைத் தாளாளர் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "பொம்மை மாதிரி இருக்கே. சரி, பேரண்ட்ஸ் மீட்டிங் அன்னைக்கு ரெண்டையும் வைங்க. ஒரே விஷயத்தை ரெண்டுலயும் படிக்கிறேன். ஜனங்க எது நல்லா இருக்குன்றாங்களோ அதை வாங்கிடுவோம்."

ஜனங்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? அதிரடிச் சத்தத்துக்குத்தான் கை தூக்குவார்கள். பெரிய பெட்டி வந்துவிட்டால் அந்தத் தங்கையும் அக்கா போன வழியில்தான் போவாள்.

கூட்டத்தன்று ஹால் நிரம்பி வழிந்தது. நான் கடைசியில், பின்சுவர்த் திரையை ஒட்டி நின்றேன். எனக்கு முன்னால் அந்த மீன் விற்கிற அம்மா, பக்கத்தில் மகள். முதலில் பெரிய பெட்டி. தாளாளர் அறக்கட்டளைத் தாளைப் படித்தார். நெஞ்சுக்குள் இடித்தது, ஜன்னல் கம்பி அதிர்ந்தது. என் காதுக்கு வந்தது "தேதி" என்பதும் அதன் மூன்று நகல்களும்தான்.

"பின்னாடி கேக்குதா?"

"கேக்குது."

அந்த அம்மாவும் சொன்னார். சவுண்ட் சர்வீஸ்காரர் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்து என்னுடையது. அத்தனை இரைச்சலுக்குப் பிறகு அது ஒன்றுமே இல்லாததுபோல இருந்தது. "ஓடுதா இல்லையா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். எந்தப் பெட்டியில் சத்தம் தாழ்கிறது, எங்கே விசிலடிக்கப் போகிறது என்று ஒவ்வொன்றாகக் காது வைத்துக்கொண்டிருந்தேன். தாளாளர் அதே தாளைப் படித்து முடித்தார்.

"பின்னாடி கேக்குதா?"

ஒரு வாயும் திறக்கவில்லை. தொலைந்தேன் என்று நினைத்தேன். தாளாளர் தாளை மடித்தார்.

முன்னால் அந்த அம்மா எழுந்து நின்றார். "சார், கையெழுத்து ஆகஸ்ட் பதினாறுன்றீங்களே. அன்னைக்கு நம்ம ஊர்ல லீவாச்சே. ஸ்கூல் பூட்டியில்ல கெடக்கும்?"

நாட்டுக்கெல்லாம் சுதந்திர தின விடுமுறை பதினைந்தோடு முடிந்துவிடும். பிரெஞ்சுக்காரன் சட்டப்படி ஊரை ஒப்படைத்த நாள் என்று புதுச்சேரிக்கு மட்டும் பதினாறும் விடுமுறை. சென்னை அறக்கட்டளைக்கு அது தெரியவில்லை, சென்னைத் தாளாளருக்கும் தெரியவில்லை. இந்த ஊரிலேயே பிறந்த நானோ சத்தத்தைக் கேட்டேனே தவிர சொன்னதைக் கேட்கவில்லை. "ஆமா, லீவுதான்", "அதான் நானும் யோசிச்சேன்" என்று வரிசை வரிசையாகக் குரல் எழுந்தது. வாய் திறக்காமல் எல்லோரும் அந்தத் தேதியைத்தான் புரட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

தாளாளர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து, "பதினேழுன்னு மாத்திட்டாங்க" என்றார். எந்தப் பெட்டி என்று யாரையும் கேட்கவில்லை. சவுண்ட் சர்வீஸ்காரர் தன் வயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

கூட்டம் கலையும்போது நான் அந்த அம்மாவிடம் போனேன். "போன வருஷமும் கேக்குதுன்னுதானேக்கா சொன்னீங்க?"

"கேட்டுச்சு டீச்சர். காது கிழியிற மாதிரி கேட்டுச்சு. என்னா சொன்னாங்கன்னுதான் தெரியல. எல்லாரும் கேக்குதுன்னாங்க, நானும் சொன்னேன்." கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு சின்ன மகள் வருகிறாளா என்று பார்த்தார். "வூட்டுக்குப் போனதும் பெரியவ கேட்டா, மீட்டிங்ல என்னாம்மா சொன்னாங்கன்னு. ஒண்ணும் சொல்லலன்னுட்டேன்."