நாலு இஞ்ச் ஷேக்கில்

எங்கள் வயலுக்குப் போகும் வண்டிப்பாதையின் குறுக்கே, தண்ணீர் பாய ஒரு குழாயைப் புதைத்து மேலே மண்ணைக் குவித்தவன் நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அறுவடை மிஷின் போய் வந்ததில் அந்த மேட்டில் இரண்டு பக்கமும் சக்கரத்தடம் பள்ளமாகிவிட்டது. நடுமண் மட்டும் முதுகு மாதிரி நின்றது. என் பழைய லோடு வண்டி ஒவ்வொரு முறையும் அதில் அடி தட்டியது. அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு எரிச்சல் தலைக்கேறும்.

வண்டியைத் தூக்கிவிட்டால் தீர்ந்தது என்று மன்னார்குடியில் ஒரு பட்டறைக்குப் போனேன்.

"நீளமான ஷேக்கில் போடுங்க பாய். பின்பக்கம் நாலு இஞ்ச் ஏறணும்."

பட்டை ஸ்பிரிங்கின் ஒரு நுனியை வண்டிச் சட்டத்தில் தொங்கவிடும் இரும்புத் துண்டுதான் ஷேக்கில். பட்டறை பாய் அதை நாலு இஞ்ச் கூட்டிப் போட்டார். அளந்தால் இரண்டுதான் ஏறியிருந்தது. ஏமாற்றிவிட்டார் என்று கத்தினேன். அவர் அசரவில்லை.

"கட்டில்ல ஒரு பக்கத்த மட்டும் தூக்குனா நடுவுல பாதிதாண்ணே ஏறும். அச்சு நடுவுலதான இருக்கு?"

"அப்ப இன்னும் நாலு கூட்டுங்க."

"வேணாண்ணே. வண்டி பக்கவாட்டுல ஆடும். எஞ்சின்லேந்து பின் அச்சுக்குப் போற ஷாப்ட்டோட கோணம் மாறி ஒதறும். முதல்ல எது தட்டுதுன்னு பாத்துட்டு வாங்களேன்."

யாராவது "முதல்ல" என்று ஆரம்பித்தாலே எனக்கு ஆகாது. அடம்பிடித்து இன்னொரு நாலு இஞ்சையும் போட்டுக்கொண்டுதான் வந்தேன்.

மறுநாள் நெல் கொள்முதல் நிலையத்தில் எங்கள் முறை. தவறவிட்டால் வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும். வானம் வேறு மூடிக்கொண்டிருந்தது. நாலு நாளாக வயலோரக் களத்தில் கொட்டி, காலால் கிளறிக் கிளறி என் மனைவி காயவைத்த நெல். மூட்டைகளை ஏற்றினோம். பாரம் ஏறியதும் வண்டி பாதி உயரம் இறங்கிவிட்டது. குடித்தவன் மாதிரி ஆடிக்கொண்டே மேட்டுக்கு வந்தது. அதே இடம், அதே சத்தம். இந்த முறை உட்கார்ந்தே விட்டது. ஆத்திரத்தில் ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினேன். கைதான் வலித்தது.

மனைவி இறங்கிக் குனிந்து பார்த்தாள்.

"இங்க வந்து பாருங்க."

பின் அச்சின் நடுவில் பானை மாதிரி தொங்கும் பல்சக்கரக் கூடு மண்ணில் புதைந்திருந்தது. அதற்கு மேலே வண்டி ஜம்மென்று நின்றது. ஸ்பிரிங் தூக்குவது வண்டியின் உடலைத்தான். அச்சைத் தாங்குவது சக்கரம். ஷேக்கில் எத்தனை முழம் நீண்டாலும் அந்தப் பானை இம்மியும் ஏறாது.

"வண்டியத் தூக்குனீங்க. இது இருந்த எடத்துலயேதான இருக்கு?"

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. புது உயரத்தை நம்பி, மழைக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று தார்ப்பாயைக் களத்திலேயே போட்டுவிட்டு வந்திருந்தேன். ஓடி எடுத்துவருவதற்குள் மூட்டைகள் நனைந்துவிட்டன. ஈர நெல்லை யார் வாங்குவார்கள்? எங்கள் முறை போயிற்று.

மழை விட்டதும் மண்வெட்டியால் அந்த நடுமண்ணைச் சீவினேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வண்டி நோகாமல் பின்னால் நகர்ந்து களத்துக்கே திரும்பியது. மனைவி திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. மறுநாள் வெயில் வந்ததும் அவள் மூட்டைகளை அவிழ்த்து, நெல்லைக் களத்தில் கொட்டி, ஒரு மூலையிலிருந்து மறுபடியும் காலால் கிளற ஆரம்பித்தாள்.