மீனுக்குக் கொடுத்த ரொட்டி

நேற்று பங்கோர் தீவுக் கடலில், மீன்களுக்கு வைத்திருந்த சாப்பாட்டை என் அக்கா சாப்பிட்டுவிட்டார்!

சிரிக்காதீர்கள். முழுக்கப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

அக்காவுக்குச் சிகிச்சை முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. நோய் போய்விட்டது என்கிறார்கள். போகும்போது நாக்கின் ருசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

எதை வாயில் வைத்தாலும் ஆணியைச் சப்புவதுபோல் இருக்கிறதாம். நண்டு ரசம், கருவாட்டுக் குழம்பு, ஈப்போ கோழிச்சோறு, எல்லாமே ஆணி. (என் சமையலைப் பற்றி அக்கா முன்பும் ஏறக்குறைய இதைத்தான் சொல்வார் என்பது வேறு விஷயம்.)

எடை இறங்கிக்கொண்டே போகிறது. இன்னும் இறங்கினால் மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு கொடுக்கவேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் மறுபடியும் நிறுத்துப் பார்ப்பார்கள்.

குழாய் என்றதும் அக்காவின் முகம் போன போக்கை நான் மட்டும்தான் பார்த்தேன்.

கடல் காற்று பசியைக் கிளப்பும் என்று யாரோ சொன்னார்கள். எங்கள் ஊர் குனோங் ராபாட்டிலிருந்து காலையிலேயே கிளம்பி, லூமுட் துறையில் காரை விட்டுவிட்டு, ஃபெர்ரி ஏறினோம்.

பங்கோரில் தனிப் படகுக்கு விலை கேட்டேன். கேட்டதே போதும் என்று, ஆள் சேர்த்துக் கிளப்பும் மலிவுப் படகுக்கு வந்துவிட்டேன். படகு நிறையும் வரை வெயிலில், யாரோ முந்தின நாள் போட்டு ஈரம் காயாத லைஃப் ஜாக்கெட்டில் காத்திருந்தோம்.

எங்களோடு ஒரு சீனத் தம்பதி. பாரிட் புந்தாரிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம். அந்த வீட்டு அண்ணன் நல்ல பருமன். அவர் உட்கார்ந்ததும் படகும் கொஞ்சம் உட்கார்ந்தது.

படகுக்காரர் ஒரு மலாய்க்காரர். ஒவ்வொரு பாறையாகக் கைகாட்டிக்கொண்டே வந்தார். இது ஆமை, அது யானை, அதோ முதலை.

"எனக்கு எல்லாமே பாறையாத்தான் தெரியுது லா," என்றார் அண்ணன்.

"வாய மூடிட்டு வாங்க. அடுத்து உங்களக் காட்டி ஒரு மிருகத்தச் சொல்லிடப் போறாரு," என்றார் அவர் மனைவி.

அக்கா சிரிக்கவில்லை. கடலையும் பார்க்கவில்லை. மடியில் பிளாஸ்க்கைப் பிடித்தபடி இருந்தார்.

கொஞ்ச தூரம் போனதும் படகுக்காரர் ஒரு பையிலிருந்து வெள்ளை ரொட்டித் துண்டுகளை எடுத்து எல்லாருக்கும் கொடுத்தார். அடுத்து நிற்கும் இடத்தில் மீன் கூட்டமாக வரும், அதற்குப் போடுங்கள் என்று மலாயில் சொன்னார். எனக்குக் கேட்டது. இன்ஜினை ஒட்டி இருந்த அக்காவுக்குக் கேட்கவில்லை.

"பரவாயில்லையே, பசியாறக்கூட குடுக்குறாங்க," என்றார் அக்கா.

நான் சொல்ல வாயெடுப்பதற்குள் பிளாஸ்க்கின் மூடியில் பால் சேர்க்காத கோப்பி ஓ ஊற்றி, ரொட்டியை நனைத்து, வாயில் போட்டுக்கொண்டார்.



அந்த நனைக்கிற விதம் எனக்குத் தெரியும். ரப்பர் தோட்டத்தில் அக்கா பாலெடுக்கப் பால்மரம் வெட்டிய காலத்தில், பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். பால் வடியும் மங்குகளில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலைப் பிய்ப்பது என் வேலை. மர நிரையை வெட்டி முடித்துவிட்டு, பால் வடிந்து நிறையும் வரை மரத்தடியில் பசியாறுவோம். மோட்டாரில் வரும் ரொட்டிக்காரரிடம் வாங்கிய கட்டி ரொட்டி, ஒரு போத்தல் கோப்பி ஓ.

அக்கா ரொட்டியை ஒரு முக்கு முக்கி, சொட்டுவதற்குள் வாயில் போட்டுவிடுவார். என்னுடையது எப்போதும் கோப்பிக்குள் விழுந்துவிடும். விரலை விட்டு எடுத்துத் தின்பேன். கையெல்லாம் ஒட்டுப்பால் நாற்றம். ரொட்டியிலும் அது ஏறியிருக்கும். எனக்கு அந்த நாற்றத்தோடுதான் அது ருசி.

அந்த மரங்கள் இருந்த இடத்தில் இப்போது எண்ணெய்ச் செம்பனை. எங்கள் லயத்து வீடுகள் இருந்த தடமே இல்லை.

படகில், அக்கா முதல் துண்டை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"இதுல ஆணி இல்லடி," என்றார்.



படகுக்காரர் திரும்பிப் பார்த்து வாயைத் திறந்தார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, பேசாமல் திரும்பிக்கொண்டார்.

பாரிட் புந்தார் அண்ணனும் கவனித்துவிட்டார். தன் ரொட்டியை அக்காவிடம் நீட்டினார்.

"எனக்கு ரொட்டி ஒத்துக்காதுக்கா. நீங்க சாப்பிடுங்க."

(அவர் மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்த வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாத பொருள் உலகத்தில் இருப்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்திருக்கும்.)

படகு நின்றது. தண்ணீருக்குள் மீன்கள் மொய்த்தன. சீனத் தம்பதி ரொட்டியைப் பிய்த்துப் போட ஆரம்பித்தார்கள்.

அக்காவின் கை பாதியில் நின்றது.

"ஏன்டி ரொட்டியக் கடல்ல போடுறாங்க?"

அக்கா மீனைப் பார்த்தார், பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது மீனுக்கா?"

"ஆமாக்கா."

முடிந்தது என்று நினைத்தேன். அக்கா ரோஷக்காரி. தன்னைப் பார்த்து யாரும் பாவப்பட்டால் அந்த இடத்திலேயே எழுந்துவிடுவார். கடலில் எழுந்து எங்கே போவது?

அக்கா மொய்க்கும் மீன்களை எட்டிப் பார்த்தார். பிறகு ரொட்டியைக் கோப்பியில் முக்கினார்.

"மீனு நாளைக்கும் திங்கும் லா. எனக்கு இன்னிக்குத்தான் வாயி வந்திருக்கு."

பாரிட் புந்தார் அண்ணனின் மனைவிதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும். என்ன பேச்சு என்று தெரியாமலே சீனத் தம்பதியும் சிரித்தார்கள். படகுக்காரர் பையில் மிச்சமிருந்த ரொட்டியை அப்படியே அக்காவின் மடியில் வைத்து, "மாக்கான் லா, கக்," என்றார், சாப்பிடுங்கள் அக்கா என்று.

அக்கா சாப்பிட்டார். நான் கடல் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

இன்று காலை எங்கள் கடைத்தெருவில் ரொட்டி வாங்கி, அதே கோப்பி ஓ கலக்கி வைத்தேன். பாதித் துண்டோடு தட்டைத் தள்ளிவிட்டார்.

"ஆணி இல்ல. ஆனா அந்த ரொட்டி இல்ல இது."

படகுக்காரரிடம் கடையைக் கேட்க மறந்துவிட்டேன்.

இந்த வாரம் பங்கோர் போகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மீனுக்குப் போடும் ரொட்டியை எங்கே வாங்குகிறார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

என் அக்காவுக்கு வேண்டும்.