ஒரு வாளிக்கு எத்தனை மூடி?

சோப்புத் தண்ணீரை அளப்பதுதான் என் பிழைப்பு. கருவியை நம்பி வாடிக்கையாளரிடம் வாயை விட்டு மாட்டியவர்களே, இது உங்களுக்குத்தான்.

தண்ணீரில் சோப்பைச் சொட்டுச் சொட்டாக விட்டால் முதலில் அதன் மூலக்கூறுகள் தனித்தனியாகத் திரியும். ஓர் அளவைத் தாண்டியதும் கூட்டமாகச் சேரும். எண்ணெய்ப் பிசுக்கை வாரிக்கொண்டு போவது அந்தக் கூட்டங்கள்தான். காரைக்குடியில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் அந்த அளவை நான் கண்டுபிடித்துச் சொல்வேன்.

சோப்பு பத்தாது

ஸ்டெல்லா அக்கா நாச்சியாபுரத்தில் பாத்திரம் கழுவும் திரவம் தயாரிக்கிறார். அதை வாங்கும் நெற்குப்பை ஓட்டலில் பாத்திரம் கழுவும் பெண்களுக்குக் கை உரிகிறதாம். வாளிக்கு மூன்று மூடி ஊற்றுகிறார்கள். குறைத்தால் பிசுக்கு போகுமா என்று கேட்டு வந்தார். ஓட்டல் தண்ணீரையும் ஒரு கேனில் கொண்டுவந்திருந்தார்.

அந்தத் தண்ணீரில் திரவத்தைச் சொட்டாக விட்டு, மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று அளந்தேன். கூட்டம் சேரும் இடத்தில் வரைபடக் கோடு வளைய வேண்டும். வளையவே இல்லை. “உங்க சரக்குல சோப்பே பத்தாதுக்கா” என்று அடித்துச் சொன்னேன்.

அவர் தன் திரவப் பாட்டிலைப் பார்த்தார், பிறகு என்னை.

“சோப்புக் கேனைத் தூக்கி ஊத்திச் சரக்கக் கலக்குனது நானு. பத்தாதுன்னு நீங்க சொல்றீக.”

உப்பு

அவர் போனபின், கூட வேலை பார்க்கும் மீனாட்சி கேனில் மிச்சமிருந்த வெறும் தண்ணீரை அளந்தார். எண் எகிறியது. ஒரே உப்பு. அந்த உப்பே மின்சாரத்தை அள்ளிக் கடத்தியதில் சோப்பின் வளைவு தெரியாமல் போயிருக்கிறது. முதலில் செய்ய வேண்டிய சோதனையை நான் செய்யவில்லை.

மீனாட்சி சிரிக்கவில்லை. “அக்காவுக்கு நான் போன் போடவா, இல்ல நீங்களே பேசிக்கிறீகளா?”

பாண்டியம்மாளின் கை

நானே பேசி மன்னிப்புக் கேட்டேன். அடுத்து வேறு வழியில், தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையை அளந்தேன். சோப்பு சேரச் சேர அது இறங்கி, ஓரிடத்தில் அப்படியே நின்றுவிட்டது. நான் தேடிய இடம் அதுதான். வாளிக்கு ஒரு மூடி ஊற்றினாலே அதைத் தாண்டிவிடுகிறது.

நுரை குறைந்தால் ஓட்டலில் வேண்டாமென்பார்களே என்று அக்கா பயந்தார். அதனால் நானே சமையற்கட்டுக்குப் போய், பாத்திரம் கழுவும் பாண்டியம்மாளிடம் ஒரு மூடி ஊற்றிய வாளியைக் கொடுத்தேன். கறிக்குழம்புச் சட்டி பளிச்சென்று வந்தது. அன்றிலிருந்து அங்கே ஒரு மூடிதான்.

சில வாரம் கழித்துப் போனேன். பாண்டியம்மாள் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார்.

“இப்பத்தான் சார் சோத்தக் கையால பிசைஞ்சு திங்கிறேன். இத்தன நாளா ஸ்பூனுதான்.”

என் கருவிகள் இதுவரை பொய் சொன்னதில்லை, அவசரப்பட்டதெல்லாம் நான்தான்.