இடது கைக் குரோஷா

எனக்கு இடது கைப் பழக்கம். ஆத்துல எல்லாரும் பீச்சாங்கைன்னுதான் சொல்லுவா. அதைக் கேட்டாலே எனக்குப் பத்திண்டு வரும். மலையாளச் சீமையில, ஸ்ரீவராகத்துல எங்க தெருவுல பாதி ஆத்து மேஜைக்கு அந்தக் கையாலதான் குரோஷா விரிப்பு பின்னிக் குடுத்திருக்கேன். விரிப்பு வேணும், கை மட்டும் வேண்டாம். என்ன நியாயமோ!

எழுபதுகளோட ஆரம்பம். எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சுட்டுத் தையல் டீச்சர் பரீட்சைக்குப் படிச்சேன். பாஸானா ஸ்கூல் வேலைக்கு மனு போடலாம். "ஒரே தடவைதான். தேறலைன்னா ஊசியைப் பரண்ல போட்டுட்டு, வர வரனுக்குக் கழுத்தை நீட்டு"ன்னு அப்பா கறாரா சொல்லிட்டார்.

செய்முறைப் பரீட்சையை நடத்த வந்தவா ஒரு மலையாளி அம்மா. நான் கொக்கி ஊசியை எடுத்து அன்னாசிப்பழ டிசைன் போட ஆரம்பிச்சேன். மேஜை மேஜையா பார்த்துண்டு வந்தவா என்கிட்ட வந்ததும் நின்னுட்டா.

"இடது கையோ?"

"ஆமாம் டீச்சர்."

முகத்தைச் சுளிச்சா. ஆனா கண்ணு என் நூலை விட்டு நகரலை. அந்த டிசைன் அவாளுக்கு எத்தனை முயற்சி பண்ணியும் பிடிபடலையாம். சட்டுனு நாற்காலியை இழுத்து என் எதிர்ல போட்டுண்டு, தானும் ஒரு ஊசியும் நூல்கண்டும் எடுத்துண்டா.

மெதுவா போட்டுக் காட்டினேன். எதிர்ல உட்கார்ந்திருக்கிறவாளுக்கு என் இடது கை, கண்ணாடியில தெரியற அவா வலது கை மாதிரி. என் கை போற பக்கமே அவா கையும் போனாப் போறும். வலது கைக்காரிகிட்ட கத்துக்கணும்னா பின்னால நின்னு தோள் வழியா எட்டிப் பார்க்கணும். என்கிட்ட அந்தத் தொல்லையே கிடையாது. ஒரு வரிசை தப்பலை. அவாளுக்கு வாயெல்லாம் பல். "கொள்ளாம், கொள்ளாம்"னு மெச்சிண்டா.

அப்புறம் மார்க் ஷீட்டை எடுத்து, என் நம்பருக்கு நேரா பெயில்னு எழுதினா.

எங்கே தப்புன்னு கேட்டேன். வேலை பிரமாதமாம். ஆனா இடது கைக்காரி குழந்தைகளுக்கு எப்படிச் சொல்லிக் குடுப்பா, அதுகளுக்கு எல்லாம் தலைகீழாத்தான் வருமாம். கையில நான் சொல்லிக் குடுத்த அன்னாசி, வாயில இந்தப் பேச்சு!

அவா கையில இருந்த அன்னாசியைக் காட்டிக் கேட்டேன், "இப்ப உங்களுக்குத் தலைகீழாவா வந்தது?"

"ரூல் அப்படி"ன்னா.

ஒரு புண்ணாக்கு ரூலும் கிடையாது. பரீட்சை விதியெல்லாம் நான் கரைச்சுக் குடிச்சிருந்தேன். "அப்ப என்கிட்ட கத்துண்டதைத் திருப்பிக் குடுங்கோ"ன்னு, அவா ஊசியை உருவிட்டு நூலைப் பிடிச்சு இழுத்தேன். குரோஷாவுல கடைசிக் கண்ணி ஒண்ணுதான் மொத்தத்தையும் பிடிச்சுண்டிருக்கும். சர்ருனு அத்தனை வரிசையும் அவிழ்ந்து அவா மடியில வெறும் நூலா விழுந்தது. நல்லா வேணும்!

வாசல்ல அப்பா குடையோட காத்துண்டிருந்தார். நடந்ததை ஒண்ணு விடாமச் சொன்னேன். எனக்காக உள்ளே போய் ரெண்டு வார்த்தை கேப்பார்னு நினைச்சேன் பாருங்கோ, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

"ஒரு மணி நேரம் வலது கையால பண்ணித் தொலைச்சா என்னடி?"ன்னார்.

நடுரோடுன்னும் பார்க்கலை. "பெயிலானது அவ! நான் இல்லை!"ன்னு கத்தினேன். பஸ்ஸுக்கு நின்னவா எல்லாரும் திரும்பிப் பார்த்தா.

மழையும் இல்லை, வெயிலும் இல்லை. அப்பா குடையை விரிச்சு முகத்தை மறைச்சுண்டார். உள்ளேர்ந்தே சொன்னார், "வர வெள்ளிக்கிழமை பொண்ணு பார்க்க வரா. அவாளுக்காவது வலது கையால காபியைக் குடு."