ஆறு பத்துக்கு அணையும் கம்ப்யூட்டர்

இது நடந்தது. நான் கதை விடுகிற ஆள்தான், மறுக்கவில்லை. லீவு வேண்டும் என்று ஒரே மாமாவுக்கு இரண்டு முறை நெஞ்சு வலி வரவழைத்தவன். ஆனால் இதில் ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை. சேர்க்கிற தெம்பும் இல்லை.

எல்லாம் என் கையில் இருந்த ஈரத்துணியால் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் வீட்டுக்கு உபயோகமான ஆள்தான் என்று காட்ட நினைத்து, மனைவியின் பழைய கம்ப்யூட்டரைத் துடைக்கக் கிளம்பினேன். வெளியே துடைத்தேன். அதோடு நிறுத்தியிருந்தால் அது நானாக இருக்க முடியாது. மூடியைக் கழற்றி உள்ளேயும் துடைத்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் துடைக்க வேண்டும் என்பது புகை வந்த பிறகுதான் புத்தியில் பட்டது.

அந்தப் பெட்டிக்குள் எங்கள் பாப்பாவின் படங்கள் மொத்தமும் இருந்தன. அதற்குப் பத்து மாதம் முன்னால்தான் பாப்பா காய்ச்சலில் போயிருந்தாள். ஐந்து வயது. போனில் இடம் போதவில்லை என்று அவள் சிரித்தது, பாடினது எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்த புத்திசாலியும் நான்தான்.

மனைவி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. அன்றோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். தட்டு வரும், தண்ணீர் வரும், பேச்சு மட்டும் வராது.

அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதில் வாங்கி டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். பாப்பா போன பிறகு படுத்தே கிடந்தவளை எழுப்பி உட்காரவைத்தது அந்த வேலை ஒன்றுதான். ஒரு வாரத்துக்குள் வேறு கம்ப்யூட்டர் வராவிட்டால் அதையும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். என் கையிலோ பணம் இல்லை. புதிது விற்கிற கடைக்குள் போய் ஏசி காற்று வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

பழையது விற்பவரை அந்தத் தெருவில் 'கேரண்டி' என்று கூப்பிடுவார்கள். எதற்கும் கேரண்டி தரமாட்டார் என்பதால். கடை முழுக்க மானிட்டர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றன, தப்பு செய்த பிள்ளைகள் மாதிரி. இருப்பதிலேயே மலிவான ஒன்றைக் காட்டச் சொன்னேன். அடியிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை இழுத்து, சட்டைக் கையாலேயே தூசி தட்டினார். எரிந்துபோன பழைய டிஸ்க்கிலிருந்து படங்களை எடுக்க முடியுமா என்று அதையும் நீட்டினேன். வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, என் கையிலேயே திருப்பி வைத்தார்.

பெட்டியை வீட்டில் அதே மேசைமேல் வைத்தேன். அதே சுவர். மேசைக்கு அடியில், முழங்கால் உயரத்தில், அதே சுவிட்ச் போர்டு. மனைவி உட்கார்ந்தாள். ஓடியது. எனக்கு உயிர் வந்தது.

சாயங்காலம் ஆறு பத்துக்கு அணைந்தது.

சட்டென்று, முழுசாக. முதல் நாள் கரண்ட் என்று நினைத்தேன். ஆனால் மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டாம் நாளும் ஆறு பத்து. மூன்றாம் நாளும்.

கேரண்டியிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். பவர் சப்ளையை மாற்றினார். அவர் கடையில் அது கடை சாத்துகிற வரைக்கும் ஓடியது, வாத்தியார் முன்னால் நல்ல பிள்ளை மாதிரி. வீட்டுக்கு வந்தால்... ஆறு பத்து.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பார்சல் ஆபீசில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிறவன். முன்பெல்லாம் வீடு திரும்ப இரவு எட்டாகும். பழைய கம்ப்யூட்டர் எரிந்த பிறகுதான் காலை ஷிப்டுக்கு மாறினேன். எங்கள் வீட்டு சாயங்காலம் எப்படி இருக்கும் என்பதே எனக்குப் புதிது.

அதனால்தான் சில விஷயங்கள் கண்ணில் பட்டன.

மனைவி எப்போதும் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்காருபவள். ஆறு மணி ஆனதும் அதுவரை அடித்ததை எல்லாம் சேமித்து வைத்தாள். பிறகு வலது காலை மட்டும் மெல்லக் கீழே விட்டாள். ஆற்றுத் தண்ணீரில் கால் வைப்பவள் மாதிரி. அப்படியே அசையாமல் வைத்திருந்தாள்.

அணைந்தது.

அவள் கோபப்படவில்லை. திரும்பப் போடவும் இல்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு, கறுத்த திரையைப் பார்த்தபடி இருந்தாள்.

நான் குனிந்து பார்த்தேன். பெட்டியில் கோளாறே இல்லை. சுவரில் சுவிட்ச் அணைந்திருந்தது.

அது இடது மூலையில், சுவரோடு சுவராக இருக்கிறது. அவள் கால் வலது பக்கம். எட்டாது. இன்னொன்றும் கவனித்தேன். மேசைக்கு அடியில் வெக்கையாக இருந்தது. பெட்டி மேலே இருக்கிறது. அடியில் ஏன் வெக்கை?

மறுபடி கேரண்டி. இந்த முறை பெட்டியைத் தூக்காமல், இதை முன்னால் வைத்திருந்தவர் யார் என்று கேட்டேன்.

"எதுக்குக் கேக்குறீங்க? பொண்ணு கட்டவா போறீங்க?"

சிரிப்பு வரவில்லை. இதை விற்றுவிட்டு யாராவது செத்துப்போனார்களா என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்து அவர் திருப்புளியைக் கீழே வைத்தார்.

"அண்ணே, ஒரு ஆபீஸ்ல நாப்பது மெஷினை மொத்தமா கழிச்சு விட்டாங்க. அதுல ஒண்ணு இது. யாரு உக்காந்து அடிச்சாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. மெஷின்ல ஒண்ணும் இல்ல. வீட்டப் பாருங்க."

வீட்டைப் பார்த்தேன்.

அன்று ஆபீசிலிருந்து பழுப்பு டேப் கொஞ்சம் கிழித்து வந்தேன். சுவிட்சைப் போட்டு, அதன்மேல் குறுக்கே அழுத்தி ஒட்டினேன். ஒட்டுவதில் நான் கெட்டிக்காரன். பத்து வருஷத் தொழில். கத்தி இல்லாமல் பிரிக்க முடியாது.

கட்டிலில் உட்கார்ந்தேன். மேசை மூன்றடி தூரம். சுவிட்ச் தெரிந்தது.

ஆறு மணி. அவள் சேமித்தாள். வலது காலைக் கீழே விட்டாள்.

ஆறு எட்டு. விசைகள் தட்டுகிற சத்தம் மட்டும்.

கைகள் இரண்டும் கீபோர்டில். கால் அசையவில்லை. சத்தியமாக அசையவில்லை...

ஆறு பத்து. திரையில் மணி பார்க்கக் கண்ணை எடுத்தேன்... அவ்வளவுதான்.

சர்ர்ர்...

டேப் பிரிகிற சத்தம். நாள் முழுக்கக் கேட்கிற சத்தம். மெதுவாகப் பிரிந்தது. பழக்கமில்லாத விரல் பிரிக்கிற மாதிரி.

டிக்.

திரை கறுத்தது.

சுவிட்சின்மேல் டேப் இல்லை.

தரையில் இல்லை. சுவரில் இல்லை.

மேசைக்கு அடியில் தவழ்ந்து போனேன். வெக்கை முகத்தில் அடித்தது.

அண்ணாந்து பார்த்தேன்.

மேசைப் பலகையின் அடிப்பக்கம்... டேப் துண்டுகள்.

வரிசையாக. வெள்ளை டேப். பழசாகி ஓரம் கறுத்தவை. ஒவ்வொன்றிலும் ஒரு மூலை மட்டும் உள்பக்கமாக மடித்திருந்தது.

கடைசியில் ஒரு பழுப்புத் துண்டு.

என்னுடையது.

அதிலும் மூலை மடித்திருந்தது.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாள் அவளிடம் என்னென்னவோ கேட்டிருக்கிறேன், சாப்பிட்டாயா, தூங்கினாயா, என்னை மன்னிப்பாயா என்று. எதற்கும் பதில் வந்ததில்லை. இதற்கும் வராது என்றுதான் நினைத்தேன்.

"யாரு ஒட்டினது?"

அவள் காலை எடுக்கவில்லை. கறுத்த திரையில் அவள் முகம் தெரிந்தது. அதைப் பார்த்தே பேசினாள்.

"வெள்ளை டேப் நான் ஒட்டினது. சுவிட்ச் மேல. அவ பிச்சுப் பிச்சு அங்க ஒட்டி வச்சிருவா. தினம் ஆறு பத்துக்கு அவ பொம்மைப் படம் முடியும். உடனே அடியில பூந்து சுவிட்ச அணைச்சுருவா. விளையாட வரணுமாம்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீங்க வர்றதுக்குள்ள தூங்கிருவா. என்னத்தச் சொல்ல."

கீபோர்டை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"காய்ச்சல் வந்த அன்னைக்கு மூணு தடவ அணைச்சா. எனக்கு அவசர வேலை. திட்டினேன். அப்பறம் அழாம, என் கால் மேல வந்து படுத்துக்கிட்டா. சுட்டுச்சுங்க. கால்ல தெரிஞ்சுது. இத மட்டும் முடிச்சுட்டு எந்திரிச்சிரலாம்னு இருந்துட்டேன்."

இப்போதுதான் அவள் என் பக்கம் திரும்பினாள். புகை வந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"கேரண்டிகிட்ட இனிமே தூக்கிட்டுப் போகாதீங்க. ஆறு மணி ஆனா வந்து படுத்துக்கிறா. இன்னும் சுட்டுக்கிட்டுதான் இருக்கு."